ஆற்றங்கரை விடுதியில் ஒரு வெங்காய சூப்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ரொறன்ரோவில் பனி கரைந்து ஆறுகள் நிரம்பி ஓடிய ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை கிடைத்து மூன்று வருடமாகியிருந்தது. எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பெண் பார்க்கும் படலம் என்று நினைக்காதீர்கள். அன்று பார்க்கப்பட்டது நான்தான்.

சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணோடு தொலைபேசியில் இரண்டு தடவை பேசியும் விட்டேன். கலகலவென்று சிரிக்கிற பெண், எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் சம்பந்தம் பேசிய அன்ரி, நான் கனடாவுக்கு வந்த நாள் தொட்டு ஒஃபிஸ் வேலைதான் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். நானும் ஓம் என்று தலையாட்டியிருந்தேன். உண்மையில் வந்த புதிதில் ஒன்றரை வருடம் ஒரு சாராயக் கடையின் குசினியில் கோப்பை கழுவியவன் நான்.

மில்லிக்கனில் நான் இருந்த வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார்கள். தகப்பன் எழுபதுகளிலேயே வந்துவிட்ட எஞ்சினியர். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "இப்ப வாற பெடியள் எல்லாம் கோப்பை கழுவத்தானே லாயக்கு. நீர் அப்பிடியில்லை எண்டு கேள்விப்பட்டுத்தான் நான் சம்மதிச்சனான்" என்றார். பின் சீட்டில் தாயும் மகளும். நான் முன் சீட்டில் இருந்து சிரித்து வைத்தேன்.

புதிதாகத் திறந்த பெரிய உணவகம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பெயரும் எனக்குப் புதிது. கார் பாலத்தைத் தாண்டி வளைந்தபோதுதான் அந்தக் கல் புகைபோக்கி தெரிந்தது. நான் கோப்பை கழுவிய அதே இடம்! பெயரை மாற்றி, கல்லைக் கழுவி, ஜன்னல்களை அகலமாக்கியிருந்தார்கள். பியர் மணந்த இடத்தில் வெள்ளை மேசைவிரிப்பும் மெழுகுவர்த்தியும். முன் வாசலால் உள்ளே போனது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் எங்களுக்குப் பின்கதவுதான்.

ஆற்றைப் பார்த்த மேசை கிடைத்தது. எனக்கு ஆறு தெரியவில்லை. குசினிக் கதவின் வட்டக் கண்ணாடிதான் தெரிந்தது. பழைய ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெண்ணின் தாய் பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவர். "எனக்குத் தண்ணி போதும்" என்றார். தகப்பன் விடவில்லை. "வெங்காய சூப் இருக்கு. வெறும் வெங்காயம்தானே" என்றார். பரிமாற வந்த வெள்ளைக்காரப் பெடியனைக் கேட்டார். அவனும் வேலைக்குப் புதிது போலும், வெங்காயமும் சீஸும்தான் என்று சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டு போனான்.

அந்த சூப் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து மாட்டெலும்பை அவித்து வடித்த தண்ணீரில்தான் வெங்காயம் போடுவார்கள். அந்தக் கிடாரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவியவன் நான். இரண்டு பேர் பிடித்தால்தான் அதைத் தூக்கலாம். மற்றப் பக்கம் பிடிப்பவர் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை ஒருவர். அங்கே சமைப்பதை நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து தன் வீட்டுப் புட்டில் பாதியை எனக்குத் தருகிறவர்.

சூப் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? இப்போது புது முதலாளி, புதுச் சமையல், முறையை மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். அந்த அம்மா கரண்டியை எடுத்தார்.

"கொஞ்சம் ஆறட்டும் அன்ரி, வாய் வெந்துபோகும்" என்றேன்.

என் அக்கறையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. கரண்டியை வைத்துவிட்டு ஊரில் என் தாய் தகப்பன் சுகமா என்று விசாரித்தார். நான் என்ன பதில் சொன்னேனோ தெரியாது. கிண்ணத்திலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. மறுபடி கரண்டியை எடுத்து, சீஸை விலக்கி, அள்ளினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆம், திரும்பிக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அம்மா, பொறுங்கோ. நீங்கள் சைவமோ?"

வெள்ளைச் சமையல் உடுப்போடு மேசையருகில் நின்றவர் அந்த அண்ணைதான். தலை நரைத்திருந்தது.

"ஓம்" என்றார் அந்த அம்மா.

"அப்ப உது வேண்டாம். மாட்டெலும்புத் தண்ணியிலை செய்யிறது."

கரண்டி மேசையில் விழுந்தது. அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். தகப்பன் பரிமாறிய பெடியனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அண்ணை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வேறு சட்டியில் சோறும் மரக்கறியும் செய்து தருவதாகச் சொன்னார். என்னை ஒரேயொரு தடவை பார்த்தார். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நான் தப்பிவிட்டேன்.

கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் குசினிக் கதவடிக்குப் போனேன். "அண்ணை" என்றேன். அவர் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"வெறும் வெங்காயமோ எண்டு கேட்டவை எண்டு பெடியன் சூப்பை வைச்சிட்டு வந்துதான் சொன்னவன். கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிண்டனான். நீ சொல்லுவாய் எண்டு" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேசைக்குத் திரும்பி வந்து, இருக்காமல் நின்றபடியே சொன்னேன். "அன்ரி, அதிலை மாட்டெலும்பு இருக்கிறது எனக்கு முதலே தெரியும். இஞ்சைதான் ஒன்றரை வருசம் கோப்பை கழுவினனான்."

தகப்பன் முகம் கறுத்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாதான் மெதுவாகக் கேட்டார். "தெரிஞ்சுகொண்டே ஆறட்டும் எண்டனீர்?"

அண்ணை அனுப்பிய சோற்றை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். இல்லை, காரிலை ஏறும் என்று தகப்பன் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் சம்பந்தம் பேசிய அன்ரி தொலைபேசி எடுத்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். பொருத்தம் பார்த்த பிறகுதானே சாப்பாட்டுக்கே கூப்பிட்டார்கள்! ஆனாலும் அவர்கள்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை. கோப்பை கழுவியதற்காக அவர்கள் என்னை வேண்டாம் என்றிருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். அதற்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. மனைவியிடம் முதல் நாளே கோப்பை கழுவிய கதையைச் சொல்லிவிட்டேன். சூப் கதையைச் சொல்லத்தான் பல வருடமாயிற்று. இப்போதும் அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் ஆறட்டும் என்று சாதாரணமாகச் சொல்லும்போது, அந்த அம்மாவின் கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது.