இப்போது பேச முடியாது

புனே பக்கம் போசரியில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒருமுறை தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸின் சிவப்பு பட்டனை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினோம். மிஷினை நிறுத்துகிற பட்டன் அது. மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே மராத்தியிலும் இந்தியிலும் அட்டை எழுதித் தொங்கவிட்டோம். ஷிஃப்ட் தொடங்கும்போது ஆட்களைக் கூட்டி, சூப்பர்வைசரான நானே முதலில் அழுத்திக் காட்டினேன். மாற்றிய பிறகும் பதினைந்து நாள் பழைய பட்டனை எடுக்காமல் விட்டு வைத்திருந்தோம். எந்தப் பக்கம் கை போனாலும் மிஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. அவசரத்தில் கை யோசிக்காது, பழகிய இடத்துக்குத்தான் போகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், காலால் மிதித்து ஓட்டுகிற பழைய பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால் என் போன் எப்போதும் இடது கையில்தான் இருக்கும். பிடிப்பதும் அந்தக் கை, தள்ளுவதும் அந்தக் கையின் கட்டைவிரல். யாராவது கூப்பிட்டால் கீழே இருக்கும் வட்டத்தை மேலே தள்ள வேண்டும். பல வருஷமாக அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

போனில் எழுத்து எல்லாம் தமிழில் இருக்கும்படி வைத்திருந்தேன். நாற்பது வருஷமாகப் புனேயில் இருக்கிறேன். கடைப் பலகை, பஸ், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாமே மராத்தி. வீட்டில் பேசுகிறோமே தவிர, கண்ணில் படுகிற தமிழ் என்று மாதக் காலண்டர் ஒன்றுதான். போனிலாவது இருக்கட்டும் என்ற ஒரு வீம்பு. அந்த வீம்புதான் என்னைக் கவிழ்த்தது என்று அப்போது தெரியாது.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன், கோயம்புத்தூரில் இருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா அங்கே அவர் வீட்டில் இறந்தாள். விடியற்காலையில் செய்தி வந்தது. அண்ணனிடம், “நாலு மணிக்குள்ள வந்தர்றன், அதுவரைக்கும் எடுத்தறாதீங்க” என்று சொல்லிவிட்டு நானும் என் மனைவியும் கிளம்பினோம். புனேயிலிருந்து பெங்களூர், அங்கே வேறு விமானம் மாற வேண்டும். இரண்டாவது விமானம் தாமதம். மூன்றேமுக்காலுக்கு நான் வீட்டு வாசலில் இறங்கியபோது அந்த வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மழை வரும்போல இருந்தது, பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், அதனால் இரண்டரைக்கே எடுத்துவிட்டோம் என்றார்கள். ஈர வாசலில் பையோடு நின்றேன். அண்ணன் சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது, அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் என் வாயிலிருந்து என்னவெல்லாமோ வந்தது. அதுவரை அவரை ‘நீங்க’ என்று தவிர வேறு எப்படியும் நான் அழைத்ததில்லை. அன்றைக்கு, “அம்மா உனக்கு மட்டும்தான் அம்மாவாடா?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த ஆறு வருஷத்தில் அவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்று நான் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரும்பாலான ஒத்திகைகளில் நான் எடுக்க மாட்டேன். அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட் பண்ணுவேன். நாலு மணி வரை காத்திருக்க முடியாதவர் இப்போது காத்திருக்கட்டும் என்று நினைப்பேன். ஆனால் வருஷம் போகப் போக ஒத்திகையில் என் கை தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில், அவர் கூப்பிட்டால் போதும், ஒன்றும் கேட்காமல் ‘சொல்லுங்கண்ணா’ என்று ஆரம்பித்துவிடலாம் என்கிற இடத்துக்கு வந்திருந்தேன். நானாகக் கூப்பிட மட்டும் மனம் வரவில்லை. அது என் குணம்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் போனின் முகமே மாறிக் கிடந்தது. எழுத்து பெரிதாகிவிட்டது. பெயர்கள் வேறு வரிசையில் இருந்தன. வழக்கமாக எண்களை அழுத்தும் இடத்தில் வேறு என்னமோ இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. இது தானாகவே புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று என் மகன் எப்போதோ செய்து வைத்திருந்தானாம், பாதுகாப்புக்காக. இருக்கிற வேலையில் இது வேறா என்று எரிச்சலோடு போனை மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன்.

ஏழரை மணிக்கு போன் அடித்தது. திரையில் ‘அண்ணா’ என்றிருந்தது.

டம்ளரை வைத்தேனா போட்டேனா தெரியாது. போனை எடுத்து, எப்போதும்போல வட்டத்தை மேலே தள்ளினேன். வட்டம் மேலே போகவில்லை. இப்போது அது பக்கவாட்டில் மட்டும்தான் நகருமாம். வலது பக்கம் தள்ளினால் பேசலாம், இடது பக்கம் தள்ளினால் கட் ஆகும். இடது கைக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் பாருங்கள், அது நேராகப் போகாது, வளைந்து இடது பக்கமாகத்தான் வரும். எலும்பு அமைப்பு அப்படி. கட் ஆகிவிட்டது.

நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை நிமிஷத்தில் மறுபடி அடித்தது. என் அண்ணன் எந்த மனிதரையும் இரண்டாம் தடவை கூப்பிடுகிறவர் அல்ல. இப்போது தள்ளவே பயமாக இருந்தது. தள்ளினால் மறுபடி போய்விடுமோ என்று வேறு ஏதாவது இருக்கிறதா எனப் பார்த்தேன். கீழே ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது, அதைத் தொட்டேன். நாலைந்து வரிகள் விரிந்தன. அடித்துக்கொண்டே இருக்கிறது, நின்றுவிடப் போகிறது. படிக்க எங்கே நேரம், முதல் வரியைத் தொட்டேன். சத்தம் நின்றது.

ஒரு செய்தி போயிருந்தது. போனே முன்கூட்டி எழுதி வைத்திருக்கிற செய்தி, நல்ல தமிழில்: ‘இப்போது பேச முடியாது. என்ன விஷயம்?’

ஆறு வருஷம் கழித்துக் கூப்பிட்ட அண்ணனுக்குத் தம்பியின் பதில் அது. அண்ணா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸ் வாசலில் நிற்கிறவனிடம் வாட்ச்மேன் கேட்கிற மாதிரி, என்ன விஷயம். இங்கிலீஷில் போயிருந்தால்கூட ஏதோ மிஷின் என்று நினைத்திருப்பார்.

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை அண்ணி எடுத்தார். பத்து மணி இருக்கும்.

“தம்பி, காலைல தலைக்கு ஊத்தி, துண்ணூறு பூசிட்டுத்தானுங்க போன எடுத்தாரு” என்றார் அண்ணி. “அத்தை திதி வருதல்லங்க, இந்த வருசம் பேரூர் ஆத்தோரமா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடுக்கலாம்னு. மொதல்ல கட்டாச்சு. லைன் போயிருச்சாட்ட இருக்குதுன்னு அவரே சொல்லிட்டு மறுக்காக் கூப்ட்டாரு. அப்பறம் மெசேஜ் வந்துச்சு. எங்கிட்டக் காட்டுனாருங்க.”

“அண்ணி, அத நான் எழுதலீங்க. போன் மாறிப்போச்சு. அது தானா எழுதி வெச்சிருக்கறது. கை தெரியாமப் பட்டுருச்சு.”

“நான் நம்பறனுங்க.”

“அண்ணன்கிட்டக் குடுங்க.”

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அண்ணன் குரல், தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார் போலிருக்கிறது.

“ஆறு வருசமாக் கூப்பிடாத கை, இன்னைக்கு மட்டும் தெரியாமப் பட்டுச்சாக்கும்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தக் கட் பண்ணுகிற காரியத்தை நான் மனதுக்குள் வருஷக்கணக்காகப் பழகி வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். நான் கைவிட்ட காரியத்தை போன் எடுத்துச் செய்து முடித்துவிட்டது. அதையும் நான் மனம் மாறிய பிறகு.

“நீங்க வந்துருங்க தம்பி” என்றார் அண்ணி.

“அண்ணன் வரச் சொன்னாங்களா?”

“காலைல சாப்ட்டீங்களா தம்பி?” என்று அண்ணி பேச்சை மாற்றினார். நான் போனை வைத்துவிட்டேன்.

மகன் புனேயிலேயே கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அன்று சாயங்காலம் வந்தவனிடம் போனை நீட்டினேன். திரையைப் பார்த்து விழித்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. “இதுல என்ன எழுதிருக்கு, படிங்கப்பா” என்றான். அந்தச் செய்தியை அவனுக்கு நானே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வாக்கியம்தான்.

“டென்ஷன் எடுக்காதீங்கப்பா” என்றான். “எல்லா அப்டேட்லயும் இப்டிதான். ரெண்டு வாரத்துல ஆதத் ஆயிடும்.” பழகிவிடும் என்பதற்கு அவனுக்கு இந்திதான் வந்தது. “எங்க டீம்ல கூட போன மாசம் ஒரு பட்டன மேலருந்து கீழ கொண்டு வந்தோம். மொதல்ல எல்லாரும் திட்டினாங்க. அப்றம் சைலன்ட் ஆயிட்டாங்க.”

“எதுக்குக் கீழ கொண்டு வந்தீங்க?”

“கீழ இருந்தா நல்லாருக்கும்னு டிசைன்ல சொன்னாங்க.”

“அட்டை எழுதித் தொங்க விட்டீங்களா?”

அவனுக்குப் புரியவில்லை.

“சைலன்ட் ஆனவங்க பழகிட்டாங்களா, இல்ல வேண்டாம்னு போயிட்டாங்களா? போய்ப் பார்த்தியா?”

“அப்பா, பெரியப்பா மேல இருக்கற கோபத்த என் மேல காட்டாதீங்க” என்றான். அதுவும் நியாயம்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு பட்டனை இப்படி மாற்றியிருந்தால் என்னைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள், தள்ளியிருக்கவும் வேண்டும். இவர்கள் ஊர்ப்பட்ட மனிதர்களின் கையிலிருக்கும் மிஷினை அவர்கள் தூங்கும்போது மாற்றிவிட்டு, பழகிவிடும் என்கிறார்கள். இவர்களுக்கு விரல் போகாது. போவது வேறு, அது இவர்கள் கணக்கில் வராது.

தொட்டாலே எடுக்கும்படியும் வைக்க முடியும் என்று அவன் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் படித்துச் செய்வதற்குப் போனை இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிக்கொள், இனி அந்தச் செய்தி தமிழில் போக வேண்டாம், ஆனால் தள்ளுவது தள்ளுவதாகவே இருக்கட்டும், இன்னொரு மாற்றம் எனக்கு வேண்டாம் என்றேன்.

என் மனைவி மட்டும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். “ஏனுங்க, நேர்ல போய் நின்னா அவரு என்ன செஞ்சுருவாரு? உங்களைக் கூப்பிடத்தான போன எடுத்தாரு?” என்பாள். எடுத்தார்தான். அப்புறம் அந்த அழைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாரே. கூப்பிடாமல் எப்படிப் போவது, ஒரு தடவை அந்த வாசலில் பையோடு நின்றது போதாதா? தினமும் காலையில் ஏழரைக்குப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை, ‘வாடா’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கிளம்பிவிடுவேன் என்று இருந்தேன். வரவில்லை.

திதி அன்று என் மனைவி வாழைக்காய், பூசணிக்காய் எல்லாம் தேடி வாங்கி வந்து சமைத்தாள். பால்கனிச் சுவரில் இலையை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். எதிர்க் கட்டடத்தில் நாலைந்து புறாக்கள் உட்கார்ந்திருந்தன, காக்கையைக் காணோம். இந்நேரம் பேரூரில் அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் போன் அடித்தது. கையில் எடுத்தேன். பெயரைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. கட்டைவிரல் தானாக நேரே வலது பக்கம் போயிற்று, கொஞ்சம்கூட வளையவில்லை.

“அண்ணா” என்றேன்.

ஒரு பெண் இந்தியில் பேசினாள். ஹிஞ்சேவாடி பக்கம் புதுக் குடியிருப்பு கட்டுகிறார்களாம், சார் வந்து ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டாள்.