லயத்து முற்றத்தில் வள்ள எஞ்சின்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் என்றால், மலையிலிருந்து ஒழுகிவரும் பீலித் தண்ணீர்தான். ஒரு குடம் நிறையவே கால் மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில், கடைசிக் காம்பரா வீட்டுக்கு முன்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைத் தண்ணீரால் நிரப்பி, அதற்குள் பழைய வள்ள எஞ்சின் ஒன்றை இறக்கிக் கட்டி, புருசனின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கயிறு இழுத்தவள் சுவர்ணா. வயது நாற்பத்து நான்கு. பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டுமே, வாய் அவர்களுடையதுதானே.

காலையில் கண்டி மார்க்கெட்டில் ஒரு கடையில் மிளகும் கறுவாவும் பொதி கட்டுவது அவளுடைய வேலை. புருசன் வில்பிரட் குட்ஷெட் பஸ் நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறான். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் ஆட்டோ. ஹந்தானை ஏற்றத்தில் அது மாதத்துக்கு ஒரு தடவையாவது படுத்துவிடும். கராஜுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் ஒருநாள் சுவர்ணாவே ஸ்பானரை எடுத்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை. பழைய சேலை ஒன்றை முற்றத்தில் விரிப்பாள். கழற்றும் சாமானைக் கழற்றிய வரிசையிலேயே முந்தானையிலிருந்து அடுக்கிக்கொண்டு போவாள். பூட்டும்போது சேலையின் மறுமுனையிலிருந்து திரும்பி வருவாள். சேலை காலியானால் வேலை முடிந்தது. ஒரு திருகாணி மிஞ்சினாலும் மறுபடி முழுவதையும் கழற்றுவாள், அவ்வளவு பிடிவாதக்காரி.

ஆட்டோவுக்கு சைலன்சர் தேடித் திகனவில் ஷிஹாப்பின் பழைய இரும்புக் கடைக்குப் போனபோதுதான் அந்த வள்ள எஞ்சினைக் கண்டாள். துரு ஏறி, மூடி வெடித்து, தகரக் குவியலுக்குள் தலைகீழாகக் கிடந்தது. நாற்பது வருசத்துச் சாமான். அவள் பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுவும் ரெண்டு ஸ்ட்ரோக்தானே நானா?" என்று கேட்டாள். ஷிஹாப்பை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, அது ஈக்கிற எடத்துலயே ஈக்கட்டும்," என்றார் ஷிஹாப். "எடைக்குத்தான் சரி. ஓட்டத்துக்கு இல்ல."

எடைக்கே வாங்கிக்கொண்டு ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். வில்பிரட் வழிநெடுக ஹார்னை அடித்துக்கொண்டே ஓட்டினான். அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

புதுச் சாமான் வாங்க வழியில்லை. அதனால் கைக்குக் கிடைத்ததெல்லாம் எஞ்சினுக்குள் போனது. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, மூட்டுகளில் கசியாமல் இருக்க பெக்கிங் போட்டாள். தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சில்லு கரைந்து போயிருந்தது. லொறி டியூபைச் சவர பிளேடால் செதுக்கி அதற்கு மாற்றுச் செய்தாள். மூன்று தடவை கோணலாக வந்தது, நான்காவது சரியாக உட்கார்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு கயிறு இழுத்தாள். எஞ்சின் இருமியது, செருமியது, பிறகு பீப்பாய்த் தண்ணீரை முற்றம் முழுக்க வாரி இறைத்துக்கொண்டு ஓடியது. காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம் என்று லயமே சேர்ந்து திட்டியது. சுவர்ணாவுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. சந்தோசத்தில் கண்ணீர் விட்டு அழுதாள்.

திகனப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் ஸிபானுக்குச் செய்தி ஷிஹாப் மூலமாகப் போனது. அவனுடைய எஞ்சின் செத்து வருசமாகிறது, துடுப்புப் போட்டுத் தோள் இறங்கிக் கிடந்தான். அவன் மட்டுமல்ல. அங்குள்ள மீனவர் சங்கத்தின் கொட்டிலில் அதே மாதிரிப் பழைய எஞ்சின்கள் ஏழு செத்துக் கிடந்தன. உன்னுடையதை என் வள்ளத்தில் பூட்டிப் பார்ப்போம், ஓடினால் ஏழையும் உன்னிடமே தரச் சொல்கிறேன் என்றான் ஸிபான். ஏழு எஞ்சின். சுவர்ணாவுக்கு அன்றிலிருந்து மிளகுப் பொதியில் கை ஓடவில்லை. பொதி கட்டுகிறவள் என்பது போய், எஞ்சின் செய்கிறவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

இந்த இடத்தில்தான் அவள் புத்தி தோட்டத்துப் புத்தியாக வேலை செய்தது. வள்ள எஞ்சினின் அடியில், தண்ணீரைத் தள்ளும் விசிறியையும் அதைச் சுற்றும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்னப் பின். பாதிச் சுண்டுவிரல் நீளம். ஷிஹாப் கடை எஞ்சினில் அது அறுந்து போயிருந்தது. அறுந்ததைவிடப் பலமானதைப் போடு, இதுதான் தோட்டத்து வழக்கம். தேயிலை ஃபெக்டரியிலும் அப்படித்தான், ஹந்தானை ஏற்றம் ஏறும் ஆட்டோவிலும் அப்படித்தான். தயங்கவே இல்லை. துளை போடும் டிரில் பிட் ஒன்றை வெட்டி, இனி ஏழு சென்மத்துக்கும் அறாது என்று அடித்து ஏற்றினாள்.

அது வறட்சிக் காலம். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய ஊரின் சுவர்கள் அந்த நாட்களில் மேல்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நிற்கும். எஞ்சினை ஸிபானின் வள்ளத்தில் பூட்டி இருவரும் புறப்பட்டார்கள். வள்ளம் சீறிக்கொண்டு பாதித் தூரம் போனது. ஸிபான் கூடச் சிரித்தான். அப்போது விசிறி ஒரு சுவரில் மோதியது. கடகடவென்று ஒரு சத்தம், அதோடு எல்லாம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம் இருவரும் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். கரையில் நின்றவர்கள் 'ஆட்டோ பாஸ்', அதாவது ஆட்டோ மேஸ்திரி, என்று அவளுக்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் சங்கம் ஒரேயடியாக முடிவெடுத்தது: ஏழு எஞ்சினையும் ஷிஹாப்புக்கு எடைக்குப் போடுவது.

சுவர்ணா சேலையை விரித்து, எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் காலைப் பிரித்தாள். உள்ளே கியர்ப் பல்லெல்லாம் நொறுங்கிக் கிடந்தன. அவள் போட்ட பின் மட்டும் கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேறு கியர் தேடி மறுபடி ஷிஹாப் கடைக்குப் போனாள். அதே மாதிரி எஞ்சின் ஒன்று, தலை கருகி, கால் நன்றாகக் கிடைத்தது. அதன் மூடியைத் திறந்தபோது உட்பக்கத்தில் ஒரு கிளிப்பில் மூன்று பின்கள் செருகியிருந்தன. கம்பனிக்காரனே மாற்றுக்கு என்று வைத்துக் கொடுத்தவை. ஒன்றை எடுத்து அரத்தால் உரசினாள். பித்தளை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அப்படியே இரும்புக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி, தல சுத்துதா?" என்று ஷிஹாப் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

"இல்ல நானா. ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன்," என்றாள். "அடி பட்டா இது அறுந்துரணும். அறுந்தாத்தான் கியர் தப்பிக்கும். நான் அறாம பண்ணி வச்சிட்டேன்."

அந்தக் காலையும் பின்களையும் எடைக்கு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேரே சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனாள். பெரியவர், சிங்களவர், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் நங்கி என்றுதான் அவளைக் கூப்பிடுவார். இன்னும் ஒரே ஒரு தடவை, அக்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், வராவிட்டால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். சனிக்கிழமை பத்து மணிக்கு லொறி வரும், நங்கி, அதற்கு முன்னால் செய்துகாட்டு என்றார் அவர்.

வீட்டு அலுமாரிக் கதவின் கீலில் பித்தளைக் கம்பி இருந்தது. அதை உருவி நாலு பின் வெட்டினாள். கதவு சுவரில் சாய்ந்துகொண்டது. கம்பனிப் பின் மூன்றையும் சேர்த்து ஏழு.

"துணியெல்லாம் வெளியில தெரியுது," என்றான் வில்பிரட்.

"தெரியட்டும். திருடக்கூடிய துணியா நம்ம கிட்ட இருக்கு?"

சனிக்கிழமை ஷிஹாப்பின் லொறி பத்துக்கு முன்னாலேயே வந்து நின்றது. பின்பெட்டியில் பாதி இடத்தைப் பெரிய தராசு அடைத்துக்கொண்டிருந்தது. ஏழு எஞ்சின்களும் கரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. சங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். சுவர்ணாவுக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எஞ்சினடியில் அவளே உட்கார்ந்தாள், முன்னால் ஸிபான். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

அக்கரையைத் தொட்டுத் திரும்பினார்கள். பாதி வழியில், கரையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் தூரத்தில், அதே பழைய ஊரின் இன்னொரு சுவர். டக் என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் வீறிட்டுக் கத்தியது, வள்ளம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கரையில் யாரோ கைதட்டிச் சிரித்தது தண்ணீருக்கு மேலால் வந்தது. ஸிபான் துடுப்பை எடுத்தான்.

"வைங்க தம்பி அத," என்றாள் சுவர்ணா. "வந்து என் காலப் புடிங்க, விழுந்துறாம."

எஞ்சினை நிறுத்தி, அதன் காலை மேலே தூக்கிச் சாய்த்தாள். வயிறு பலகையில் அழுந்த வெளியே குனிந்தாள். கீழே எவ்வளவு ஆழம் என்று நினைக்கவே கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். குறட்டால் விசிறியின் பூட்டுக் கம்பியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள், விசிறியை உருவி மடியில் போட்டாள். அறுந்த பித்தளைத் துண்டு இரண்டையும் தட்டித் தள்ளினாள். காற்சட்டைப் பையிலிருந்து புதுப் பின்னை எடுத்தபோது கிறீஸில் வழுக்கி அது தண்ணீரில் விழுந்தது. ஸிபான் அல்லாஹ் என்றான். அவள் அடுத்ததை எடுத்தாள்.

கரையில் லொறிப் பலகையை இறக்கிவிட்டார்கள். முதலாவது எஞ்சினை இரண்டு பேர் தராசடிக்குத் தூக்கி வந்தார்கள். அந்த நேரத்தில்தான் நடுத் தண்ணீரில் மறுபடி புகை கிளம்பியது. தூக்கியவர்கள் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தார்கள். வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்களைப் பார்த்து வந்தது. ஸிபான் முன்னால் எழுந்து நின்று, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், என்னவோ கத்திக்கொண்டு வந்தான். சுவர்ணா கத்தவில்லை. அவள் முகம் முழுக்கக் கிறீஸ், அதற்குள் பல் மட்டும் தெரிந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை, அதை மறைக்கவும் இல்லை.

வள்ளம் மண்ணில் ஏறியதும் தலைவர் முன்னுக்கு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"நடுவில் உடைந்ததுதானே, நங்கி? நாங்கள் எல்லாரும் பார்த்தோம்," என்றார் சிங்களத்தில்.

"ஆமாங்க, உடைஞ்சது," என்றாள். ஸிபானைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிவிட்டு, பையிலிருந்து மிச்சப் பின்களை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "உடையணும்னுதான் போட்டேன். போன தடவ உடையாததுதான் தப்பு. இந்தச் சுவரெல்லாம் எங்கயும் போகப் போறதில்ல. ஆளுக்கு ஒண்ணு பையில வச்சிக்கிட்டா, பத்து நிமிசத்துல மாத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

தலைவர் ஒரு பின்னை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். போன தடவை பெயர் வைத்துச் சிரித்தவன் கைக்கும் அது போனது. அவன் அதைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தலைவர் திரும்பி, தூக்கிய எஞ்சினோடு நின்ற இருவரையும் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் அதைத் தராசில் வைக்கவில்லை, சுவர்ணாவின் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஷிஹாப் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வந்த யாவாரம் கைவிட்டுப் போய்விட்டது, பாவம். ஆனாலும் மனுசன் சிரித்தார்.

"லொறி எடுத்துட்டு வந்தாச்சி. சும்மா திரும்புறதா? ஹந்தானைக்கு மேல லொறி ஏறுமா தங்கச்சி?"

"ஏறும்," என்றாள் சுவர்ணா. "தராச எறக்கி வைங்க நானா. ஏழுக்கும் எடம் வேணும்."