போர்வைக்குள் தெரிந்த நீலம்

அக்காவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதத்தில் எங்கள் கார் வெடிக்கத் தொடங்கியது. போர் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பில் யாரும் இலேசாக வாயில் எடுக்கும் சொல் அல்ல அது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், அடுக்குமாடி வீடொன்றில் நானும் அக்காவும் இருந்தோம். கார் எங்கள் தகப்பனாருடையது. நாலு சிலிண்டர் கொண்ட பழைய ஆங்கிலேய வண்டி. வார நாட்களில் தினமும் காலையில் அக்காவை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். பஸ்ஸில் நிற்க அவருக்குச் சக்தி இல்லை. ஒரு முறை முச்சக்கரவண்டியில் போனபோது, சோதனைச்சாவடியில் இறக்கி வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். அக்கா மயங்கி விழுந்துவிட்டார். சிகிச்சையை இடையில் விட்டுவிட்டால் அதுவரை செய்ததற்குப் பலன் இல்லை என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

காலையில் புறப்பட்டவுடன் எஞ்சின் விக்கும். மூன்று அடி ஒழுங்காக விழும், நாலாவது தவறும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எரியாமல் தப்பிய பெற்றோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, நான் வேகத்தைக் குறைக்கும் நேரம் பார்த்து அங்கே வெடிக்கும். வேகத்தைக் குறைக்கும் இடமோ சோதனைச்சாவடி.

ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலுள்ள பாலத்தடியில் மண்மூட்டைகளுக்கு முன்னால் காரை மெதுவாக்கியபோது அது வெடித்தது. அங்கு நின்ற சிப்பாய்கள் அத்தனை பேரும் நிலத்தில் விழுந்தார்கள். மறு கணம் மூட்டைகளுக்கு மேலாகத் துப்பாக்கிகள் எங்களைப் பார்த்தன. நான் கைகளை ஸ்டியரிங்கின் மேலே விரித்து வைத்தேன். அக்கா தன் அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி அசையாமல் இருந்தார். அவர்களுக்குப் பொறுப்பான ஒருவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "மொகத அய்யே மே?" என்றார். இது என்ன அண்ணே என்ற அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயமே கூட இருந்தது. என் பொடியன்களின் விரல் எப்போதும் என் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது, இந்தக் காரை இந்த வழியால் கொண்டுவராதே என்று சிங்களத்தில் சொல்லி எங்களை விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் இந்த வருத்தத்தால சாவன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உன்ர காரால சாவன் எண்டு நினைக்கேல்ல."

"சரிப்படுத்திப் போடுவன் அக்கா."

"சரிப்படுத்து. ஆனா நான் இனி வரேல்ல. விட்டிடு தம்பி."

சொன்னபடியே வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சேலை மாற்றவே இல்லை. சனியும் ஞாயிறும் சிகிச்சை இல்லாத நாட்கள். திங்கட்கிழமைக்குள் கார் சத்தமில்லாமல் ஓட வேண்டும். அதோடு அக்காவும் அதில் ஏற வேண்டும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த, கத்தோலிக்கரான என் பள்ளிக்கூட நண்பரிடம் காரை முன்னரே இரண்டு முறை கொண்டுபோயிருந்தேன். பிளக்குகளையும் பொயின்ற்றையும் மாற்றினார். கார்பரேற்றரில்தான் குற்றம் என்று அடித்துச் சொல்லி அதையும் கழற்றிக் கழுவினார். ஆனால் நகரத்தைக் கடந்து அங்கே போய்ச் சேரும்போது நண்பகல் ஆகிவிடும். கார் ஒரு விக்கல்கூட விக்காது.

"மச்சான், உன்ட கார் பாவசங்கீர்த்தனத்துக்கு வாற ஆள் மாதிரி," என்பார் அவர். "என்ட கராஜுக்குள்ள வந்தா ஒரு பாவமும் ஞாபகமில்ல."

வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். பகிடியை விட்டுவிட்டு யோசித்தார். "கரண்ட் எங்கயோ கசியுது போல. நல்ல இருட்டில எஞ்சினை ஓட விட்டு பொனற்றைத் திறந்து பார். கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும்," என்றார்.

அந்த நாட்களில் இரவில் ஒரு தமிழன் ஒழுங்கைக்குள் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு பொனற்றுக்குள் தலையை விட்டு நின்றால், பொலிஸ் வரும்வரை ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள், அயலவர்களே கூப்பிடுவார்கள். ஆகவே இருட்டைப் பகலிலேயே உண்டாக்குவது என்று தீர்மானித்தேன். காலையில் மட்டும் வந்து, சூடு ஏறியதும் மறைகிற குற்றம் இது. எங்கள் வீடு கடலோரம். காருக்கு மேலே தகரக் கூரை இருந்தாலும் இரவில் உப்பு ஈரம் எல்லாவற்றிலும் படியும். ஈரம்தான் காரணம் என்றால் அதையும் நானே உண்டாக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கம்பளிப் போர்வைகளையும், உடுப்பு அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தலையும் கீழே கொண்டுபோனேன். அக்கா படிக்கட்டில் வெயிலுக்கு இருந்தார். எஞ்சினை ஓட விட்டேன், சுகமாக ஓடிற்று. பொனற்றைத் திறந்து, மேலே போர்வைகளைப் போட்டு, ஓரங்களை இழுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

மேல் மாடி அம்மா எட்டிப் பார்த்துக் கேட்பது போர்வைக்குள் எனக்குக் கேட்டது.

"என்ன பிள்ளை, காருக்குத் தடிமலோ?"

"ஓம் அம்மா. ஆவி பிடிக்கினம்," என்றார் என் அக்கா.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சூடும் எண்ணெய் மணமும்தான். தண்ணீரைப் பனிபோல ஒரு முறை தெளித்துவிட்டுக் கையை எடுத்தேன். எஞ்சின் விக்கியது. அந்த விக்கலோடு, மின்பொறியை நாலு சிலிண்டருக்கும் முறைப்படி பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் கறுத்த மூடியின் மேல், ஒரு நீல நூல் ஓடி மறைந்தது. மீண்டும் ஓடியது. வயர்களைச் சுற்றி, விளக்கைச் சுற்றி நிற்கும் பனிமூட்டம்போல, இலேசான ஊதா நிறம் நின்று நடுங்கியது. இரும்பு முழுவதும் அந்த நிறத்தில் ஒரு கணம் தெரிந்து, ஒரு கணம் இல்லாமல் போனது.

இந்த எஞ்சினை நான் பல வருடங்களாகத் துடைத்து வந்திருக்கிறேன். அதன் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒன்று அதற்குள் இருக்கிறது, பகல் வெளிச்சம் இவ்வளவு காலமும் அதை என் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்தது என்று நினைத்தபோது மூச்சு விடவே தயக்கமாக இருந்தது. குற்றம் தேடி வந்தவன் என்பதே மறந்துவிட்டது.

"அக்கா, ஒருக்கா வாங்கோ."

"ஏன்? ஏறச் சொல்லப் போறியோ?"

"ஏற வேண்டாம். பார்த்தாப் போதும்."

அவர் எழுந்து வந்து, தலையில் கட்டிய துணியை இறுக்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் போர்வைக்குள் நுழைந்தார். நான் மீண்டும் தெளித்தேன். நூல் ஓடியது.

"இதென்னெண்டா..." என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"கதையாத. பாக்க விடு."

வெகுநேரம் பார்த்தார். அந்த நீலத்தில் அவருடைய கன்னத்து எலும்பு தெரிந்து தெரிந்து மறைந்தது. பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, என் காதுக்குக் கிட்டச் சொன்னார்:

"அங்க எனக்கு ஒண்டும் தெரியிறேல்ல தம்பி. கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியில போயிடுவினம். மெசின் உறுமும், நிக்கும். முடிஞ்சுது, எழும்புங்கோ எண்டுவினம். ஏதோ என்னை ஏமாத்தினம் எண்டே நினைச்சிருந்தன்."

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். மருந்துக் கதிர் வேறு, பிளக்குக்குப் போகும் மின்சாரம் வேறு. நான் திருத்தவில்லை.

எஞ்சினை நிறுத்தி, போர்வைகளை எடுத்து, மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வயர்கள் செருகும் இடங்களுக்கு நடுவே மண்ணிறத்தில் ஒரு காய்ந்த வட்டம், அதற்குள் சிவப்பு. மயிரிழை தடிப்பில் ஒரு கருகிய கோடு அதைக் குறுக்கே வெட்டிச் சென்றது.

சந்தனமும் குங்குமமும்.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் உள்ள கருவிகள் எல்லாவற்றுக்கும் அக்கா பொட்டு வைப்பார். தையல் மெசின், தேங்காய் திருவலை, என் ரைப்ரைட்டர், கடைசியாகக் கார். காய்ந்த சந்தனம் இரவில் உப்பு ஈரத்தைக் குடித்து, காலையில் மின்பொறிக்குக் குறுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டியது பக்கத்துச் சிலிண்டருக்குப் போய்விட்டது.

அக்கா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சினுக்குத் தலை எது எண்டு கேக்க, நீதானே இதைக் காட்டினனீ."

"கிரீடம் வைச்ச மாதிரி இருந்தது, காட்டினன்."

"சாமிக்கு வைச்ச பொட்டு ஆமியைப் படுக்க வைச்சிட்டுதே!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நோய் கண்ட பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

நண்பரிடம் சொன்னேன். "நாங்க தீர்த்தம் தெளிக்கிறதோட நிப்பாட்டிக்கொள்ளுவம் மச்சான்," என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் புது மூடியோடு பஸ் ஏறி வந்து, தானே பூட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தேன். நாலு அடியும் ஒழுங்காக விழுந்தன. மேலே போய்க் கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா படியால் இறங்கி வந்து முன் சீற்றில் ஏறினார். வேறு வழி இல்லாததால் பாலத்தடியால்தான் போனோம். வேகத்தைக் குறைத்தபோது இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். சிப்பாய் அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கையால் போகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தடித்த கதவு அவருக்குப் பின்னால் மூடியது. முந்திய நாட்களில் நான் வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன். அன்று நின்றுகொண்டே இருந்தேன். கதவுக்கு அப்பால், நிறமில்லாமல், யாரும் பார்க்க முடியாமல், ஏதோ ஒன்று என் அக்காவின் உடம்புக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கோயிலில் திரை விலகுவதற்கு முன் நிற்பதுபோல நின்றேன்.

கதவு திறந்தது. அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"நாளைக்கும் இதே நேரமாம்," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.