நடக்காததையும் சொன்ன மரகதம்

மரகதம் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்து சேர்ந்தது.

குன்னூர் மார்க்கெட்டில் என் ஜவுளிக்கடையின் ஷட்டரை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. நடுவில் மரகதத்தின் முகம், பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில், சென்னை நாடக இயக்குநர் ஒருவரின் பெயர். அதற்கும் கீழே, 'நாங்கள் இணைந்து உருவாக்கிய பெரட்டு நாடகம் விரைவில் மேடையில்' என்று ஒரு வரி. இதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் ஆள் போய்விட்டார் என்பதே எனக்கு உறைத்தது. அருவங்காட்டில் இருக்கும் அவர் தம்பி தங்கராசுவைக் கூப்பிட்டேன்.

"ஆமாங்க பாய். விடிகாலைல நெஞ்சு வலின்னுச்சுங்க. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சு போச்சுங்க. இன்னும் சொந்தக்காரங்களுக்கே சொல்லி முடிக்கலீங்க, உங்களுக்கு அதுக்குள்ள யார் சொன்னாங்க?" என்றார்.

விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு தம்பியிடம் எப்படிச் சொல்வது? இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் யாரோ ஒருவரிடம் சொல்ல, அந்த ஒருவர் சென்னைக்குச் சொல்லியிருக்கிறார். உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றி எழுத்துக் கோத்து முடித்துவிட்டார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பது இதுதான்.

உங்களில் பலருக்கு மரகதம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒற்றை ஆளாக நின்று பத்துப் பேராகப் பேசி நடிக்கிறவர். நடிப்பு சோறு போடாத மாதங்களில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகும் கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தார். எங்கள் பழக்கமும் அப்படி ஒரு சண்டையில்தான் தொடங்கியது. சீசன் தள்ளுபடிக்கு என் கடை விளம்பரத்தைப் படிக்க வந்தவர், 'கடைசி மூன்று நாட்கள்' என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க பாய், போன மாசமும் கடைசி மூணு நாளுன்னுதானுங்க ஆட்டோ போச்சு?"

"எல்லாக் கடையிலயும் அப்படித்தானுங்க சொல்றாங்க."

"அவங்க ஆரையோ வெச்சுச் சொல்லட்டுமுங்க. எங்கொரல்ல சொன்னா நாஞ் சொன்ன மாதிரிதானுங்களே?"

மூன்று நாட்களை எடுத்துவிட்டு, 'தள்ளுபடி இருக்கிறது, சரக்கு இருக்கும்வரை' என்று படித்துக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் அடுத்த நாடகத்துக்குப் புடவை கேட்டு வந்தபோது கொடுத்தேன். அன்றிலிருந்து அவருடைய எல்லா நாடகத்துக்கும் துணி நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் குரல் சேதி மலை முழுக்கப் பிரசித்தம். "வணக்கமுங்க, மரகதம் பேசறனுங்க. இந்த வாரச் சேதி" என்று ஆரம்பிப்பார். முதலில் நடந்தது, அடுத்து நடக்காதது, கடைசியில் நடக்கப் போவது. எல்லாக் கலைஞர்களும்தான் தங்கள் வேலைகளைப் பற்றி அறிவிப்புக் கொடுக்கிறார்கள். நடக்காததற்கு இடம் ஒதுக்கி அறிவித்தவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஒரு சினிமாப் படத்துக்குக் குரல் கொடுத்துவிட்டு வந்து அமர்க்களமாகச் சொன்னார். சில வாரம் கழித்து, "அந்தப் படத்துல எங்கொரல எடுத்துப்போட்டு வேறொருத்தரு கொரல வெச்சுட்டாங்களாமுங்க. படம் பாக்கப் போறவங்க என்னையத் தேடாதீங்க" என்று அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார். அவர் சொந்தக்காரர்களுக்கு மானம் போயிற்று. 'சேதி மரகதம்' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. எதற்கம்மா இதையெல்லாம் ஊருக்குச் சொல்கிறீர்கள் என்று நானே கேட்டேன்.

"நடந்தத மட்டும் சொன்னா அது விளம்பரமுங்க பாய். நடக்காததையும் சொன்னாத்தானுங்க சேதி" என்றார்.

இன்னொரு பிடிவாதம், கூட நின்றவர்களின் பெயரை விடாமல் சொல்வது. குந்தாவில் மின்சார ஊழியர் குடியிருப்பில் ஒரு நாள் நாடகம். பாதியில் காற்றுக்கு மரம் சாய்ந்து கம்பி அறுந்து இருட்டாகிவிட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடத்தில் கரண்ட் இல்லை என்று ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். முன்வரிசையிலிருந்த லைன்மேன் ஒருவர் எழுந்து தன் டார்ச்சை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முடியும்வரை கையை இறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சேதியில் "துணி: குன்னூர் ஜலீல் பாய். வெளிச்சம்: லைன்மேன் மாரிமுத்து" என்று வந்தது. மாரிமுத்து அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஒரு டார்ச்சுக்கு ஒரு பெயர் கொடுத்தவர் மரகதம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடைசி இரண்டு வருடம் அவர் உயிரைக் கொடுத்து வேலை செய்தது 'பெரட்டு' நாடகத்துக்குத்தான். காலையில் தேயிலை எஸ்டேட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு அந்தப் பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். கூடலூருக்கு அப்பால் சேரங்கோட்டில் கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலரோடு சேர்ந்து அவர் அதைச் செய்தார். அவர் எழுதிக் கொடுக்க அவர்கள் ஒப்பிக்கவில்லை. லீவு நாளில் கூடி உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேச, அதிலிருந்து எது நிற்கிறது என்று அவர்களே முடிவு செய்தார்கள். மரகதம் அதில் ஒரு வேடம் போட்டார், அவ்வளவுதான். எழுத்துப் பிரதி என்று ஒன்று கிடையாது. அந்தப் பெண்கள் நின்று பேசினால் பெரட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த இயக்குநர் ஒருமுறை ஒத்திகைக்கு வந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்கு விளம்பரம். பார்த்து அசந்துபோனார், கூட்டுத் தயாரிப்பு என்றார், மரகதமும் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகச் சேதி சொன்னார். பிறகு மெல்ல ஆரம்பித்தார் மனிதர். கதை பிரமாதம், ஆனால் இந்தப் பேச்சு சென்னை மேடைக்கு எடுபடாது, பயிற்சி பெற்ற நடிகைகள் தன்னிடம் இருக்கிறார்கள், இவர்கள் பேசுவதைப் பதிவு செய்து கொடுத்தால் போதும் என்றார். அடுத்த ஞாயிறு நாங்கள் எல்லோரும் கேட்டது இது.

"நடக்காதது ஒண்ணுங்க. சென்னைக்காரரோட கூட்டு இல்லீங்க. ஆள மாத்தோணும்னாருங்க. அவங்க பேச்சு வேணுமாமா, அவங்க வேண்டாமாமா. மாத்த மாட்டனுங்கன்னு சொல்லிப் போட்டேன். அவரும் நானும் சேந்து ஒண்ணும் செய்யலீங்க, செய்யப் போறதுமில்லீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் ஊட்டியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அந்த மனிதர்தான் முதல் பேச்சாளர். சேரங்கோட்டுப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடலூரில் இறங்கி மாறி, மலையேறி வந்திருந்தார்கள். மேடைக்கு வரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். மரகதம் தன் படைப்புத் தோழியாம். பெரட்டு இருவரின் கனவாம். அந்தக் கனவைத் தேர்ந்த நடிகைகளைக் கொண்டு சென்னையில் மேடையேற்றுவதே அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாம். மண்டபம் கை தட்டியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது கொஞ்சம் கஷ்டமான வேலை. இங்கே அந்தக் கஷ்டம்கூட இல்லை. அந்த மண்டபத்தில் பாதிப் பேரின் கைப்பேசியில் மரகதத்தின் குரல் இருந்தது. பையில், சட்டைப் பையில், மடியில். எல்லோரும் கேட்டவர்கள்தான். ஞாயிறுதோறும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள்தான். அன்றைக்கு ஒருவர் வாயிலாவது கொழுக்கட்டை இல்லாமல் இருந்திருக்க வேண்டாமா?

என் முறை வந்ததும் நான் எழுந்து சொன்னேன். "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணும் செய்யலீங்க. மரகதமே சொன்னாங்க, நீங்க எல்லாருமே கேட்டீங்க. பெரட்டு செஞ்சவங்க அந்தா பின்னாடி உக்காந்திருக்காங்க" என்று ஆரம்பித்ததுதான் தாமதம். ஏற்பாட்டாளர் வந்து மைக்கின் மேல் கையை வைத்தார்.

"பாய், உங்க வருத்தம் புரியுதுங்க. இது துக்கம் கேக்கற எடமுங்க. இங்க வேண்டாமே."

துக்கம் கேட்கத்தான் நானும் வந்தேன். செத்தவர் சொன்ன சொல்லைச் செத்த ஒரு வாரத்துக்குள் மாற்றிச் சொல்வதைவிடப் பெரிய துக்கம் என்ன இருக்கிறது? மைக்கை அணைத்துவிட்டார்கள். அன்று முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் கலைந்து டீ கொடுக்கும்போது இயக்குநர் அந்தப் பெண்களிடம் போனார். மூத்தவரான முத்துலெச்சுமியைப் பார்த்து, "அம்மா, உங்க வாழ்க்கையத்தான் போடப்போறோம். பதிவு பண்ணி வெச்சிருப்பீங்கல்ல, அத மட்டும் அனுப்புங்க. உங்க எல்லாருக்கும் முன்வரிசையில சீட் போட்டு வைக்கிறேன்" என்றார், ஏதோ பட்டா எழுதிக் கொடுப்பவரைப் போல.

முத்துலெச்சுமி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எங்க பேச்ச வேற ஆளு பேசும், நாங்க உக்காந்து பாக்கணும். அதானே ஐயா சொல்றீங்க? மரகதக்கா இருக்கையிலயும் இதத்தான் கேட்டீங்க. அப்பயும் இல்லன்னுதான் சொன்னாங்க. அவங்க செத்துட்டாங்கன்னு நாங்களுமா செத்துட்டோம்?"

மனிதர் கோப்பையை வைக்க இடம் தேடினார். நான் அந்தப் பெண்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். மரகதம் போட்ட வேடத்தை இனி யார் போடுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. முத்துலெச்சுமியின் மருமகள் போடட்டும் என்று பஸ் வருவதற்குள் முடிவாயிற்று. "பாய், மரகதக்கா பொடவ அவளுக்கு நீளமா இருக்கும், பாத்துக்குங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவருடைய புடவையை நான் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது அந்தப் பெண்ணுக்குப் போகிறது. ஃபோட்டோ மாட்டுகிற பழக்கமும் எனக்கு இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். நடக்காததையும் வாய்விட்டுச் சொல்வது. கோபத்தில் எனக்குக் குரல் ஏறிவிடும், அவருடைய நிதானம் வராது. வராவிட்டாலும் சொல்கிறேன்.

வணக்கமுங்க, குன்னூர் ஜலீல் பேசுகிறேன். இந்த வாரச் சேதி.

நடந்தது: மரகதம் போய்விட்டார்.

நடக்காதது: அந்த இயக்குநரும் மரகதமும் சேர்ந்து எதையும் செய்யவில்லை. சேரங்கோட்டுப் பெண்கள் தங்கள் பேச்சை அவருக்குக் கொடுக்கவில்லை. வேறு யார் பெரட்டு என்று மேடையில் போட்டாலும் அது பெரட்டு இல்லை.

நடக்கப் போவது: வருகிற ஞாயிறு மதியம், சேரங்கோட்டில், பேர் கூப்பிடும் அதே களத்தில் பெரட்டு. நடிப்பவர்கள் முத்துலெச்சுமி, சரோஜா, ராக்கு, பாக்கியம், முத்துலெச்சுமியின் மருமகள் வசந்தி. துணி நான். வெளிச்சத்துக்கு ஆள் வேண்டாம், பகல்தான். ஆனாலும் மாரிமுத்து டார்ச்சோடு வருவேன் என்கிறார்.

மழை வந்தால் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் அதையும் சொல்வோம்.