நல்ல தண்ணீர் ஊற்றிய எட்டு நாட்கள்

போன வருடம் பங்குனி வெயிலில், பதுளை பஸார் பக்கம் மின்சாமான் திருத்தும் ஒரு கடையில் நான் வேலைக்கு இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஹாலிஎல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் கொத்து வேலை, கண்டியில் பேக்கரி, எல்லயில் ஹோட்டல் என்று சுற்றியவன். எங்கேயும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. தகராறு வரும்போல் தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

கடைக்காரர் மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். பதுளையில் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் அவரை 'நானா' என்று கூப்பிடுவேன். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதில் கடலில் வாழ்கிற மீன்கள் இரண்டு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டவை. பெரியது பெண், சின்னது ஆண். ஐந்து வருடமாக வளர்க்கிறார். ஆட்களோடு பேசும்போதும் அவருடைய ஒரு கண் அங்கேதான் இருக்கும்.

கடைக்குத் தகரக் கூரை. மத்தியானத்தில் உள்ளே வேகும். அந்தச் சூட்டை மீன்கள் தாங்காது என்று, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய இரண்டு குட்டி ஃபேன்களைத் தொட்டியின் விளிம்பில் பொருத்தியிருந்தார். மூடி கிடையாது. காற்று தண்ணீரின் மேல் ஓடும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், போகும்போது சூட்டையும் கொண்டு போகும். கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி கடையின் சூட்டைவிட மூன்று பாகை குறைவாகவே காட்டும். நனைந்த சட்டையோடு லொறியின் பின்னால் நின்று பயணம் போனவன் நான். அதனால் இது எனக்கு உடனே விளங்கியது. விளங்காமல் போனது வேறொன்று.

அவருடைய உம்மாவுக்கு ஆபரேஷன். பத்து நாள் ஊருக்குப் போகவேண்டும். போகும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, ஃபேன் ஓடினா தண்ணி கொறையும். கொறஞ்ச அளவுக்கு இந்தக் கோடு மட்டும் நல்ல தண்ணி ஊத்து. மறந்திராத." பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் தலையாட்டினேன்.

பின்னால் இரண்டு கேன்கள் இருந்தன. வெள்ளைக் கேனில் பைப்புத் தண்ணீர். நீலக் கேனில் கொழும்பிலிருந்து வரும் உப்பை அளந்து கலந்து, மூடி கட்டி வைத்திருக்கும் தண்ணீர். கடல் மீனுக்கு எது நல்ல தண்ணீர்? எனக்குச் சந்தேகமே வரவில்லை. தினமும் காலையில் நீலக் கேனில் எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் பெரிய மீன் தீனிக்கு மேலே வரவில்லை. வெப்பமானியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இருந்தாலும் சூடுதான் காரணம் என்று நினைத்து, என் மேசை ஃபேனையும் தொட்டிக்குத் திருப்பிவைத்தேன். ரேடியோ திருத்த வந்த ஒரு தோட்டத்துப் பெண் சிரித்தார். "என்னண்ணே, மீனுக்கு மூணு ஃபேனு, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா? அடுத்த பொறப்புல மீனாப் பொறந்துருங்க."

தண்ணீர் இன்னும் வேகமாகக் குறைந்தது. நானும் இன்னும் அதிகமாக ஊற்றினேன். விளிம்பெல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்தது. சுவரின் சுண்ணாம்புத் தூசி என்று துடைத்துவிட்டேன். மீன் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நான் கவனமாகப் பராமரிக்கப் பராமரிக்க அது மோசமாகிக்கொண்டே போனது.

கடைக்காரர் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார். "மீனு எப்படி?"

"நல்லா இருக்கு நானா."

மூன்று நாள் இதையே சொன்னேன். எட்டாம் நாள் காலையில் பெரிய மீன் செத்து மிதந்தது.

பையைக் கட்டினேன். கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். அங்கே நிற்கும்போதுதான் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற யோசனை வந்தது. யாரும் இல்லை. பூட்டிய கடைக்குள் சின்ன மீன் தனியாக. திரும்பி வந்து, நானே அவரைக் கூப்பிட்டேன்.

"நானா, பெருசு செத்துப்போச்சு. மூணு நாளாவே அது தீனி தின்னல."

"மத்தது?"

"அதுவும் மூச்சு வாங்குது. சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல நானா."

"தண்ணி ஊத்தினியா?"

"ஒவ்வொரு நாளும் ஊத்துனேன்."

"நல்ல தண்ணிதானே?"

"சத்தியமா நல்ல தண்ணிதான்."

"அப்ப எப்படிடா சாகும்?"

இரண்டு பேரும் குழம்பி நின்றோம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "எந்தக் கேன்ல எடுத்தாய்?"

"நீலக் கேன்ல."

"டேய், அது உப்புத் தண்ணிடா!"

"கடல் மீனுக்கு அதுதானே நானா நல்ல தண்ணி?"

"நல்ல தண்ணி எண்டா குடிக்கிற தண்ணிடா!"

அவருடைய ஊரில் ஒரு கிணறு உப்பாக இருக்குமாம், அடுத்தது நல்ல தண்ணீராக இருக்குமாம். எங்கள் மலையில் உப்புக் கிணறு ஏது? தெளிந்த தண்ணீர், கலங்கிய தண்ணீர், இரண்டே வகைதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் தினமும் உப்புக்கு மேல் உப்பு ஊற்றியிருக்கிறேன். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கைத்தது.

"ஒரேயடியா மாத்தாத, அதுவும் செத்துரும்," என்றார். மேசை ஃபேனை எடுத்துவிட்டு, அவர் சொன்னபடி மணிக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து ஒரு கப் எடுத்துவிட்டு, வெள்ளைக் கேனிலிருந்து ஒரு கப் ஊற்றினேன். இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சின்ன மீன் தீனிக்கு மேலே வந்தது.

அன்று மத்தியானம் அவர் வந்தார். தொட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தண்ணி மாறினதுல என்ட பிழையும் இரிக்கி. மூணு நாள் நல்லா இருக்கு நானா எண்டியே, அது ஆர்ட பிழை?"

பையை அவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இன்றும் அதே கடையில்தான் இருக்கிறேன். இதைக் கேட்கிறவர்கள் மீன்தானே என்று சிரிக்கிறார்கள். எனக்கோ, யாராவது ஒன்றைச் சொல்லி நான் விளங்காமல் தலையாட்டப் போகும்போதெல்லாம், அந்தப் பெரிய மீன் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது கண்ணில் வந்து நிற்கிறது. தலை ஆடாமல் நின்றுவிடுகிறது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று வாய் கேட்டுவிடுகிறது.