சித்தப்பா பந்து உருட்டிய சனிக்கிழமை

தொண்ணூறுகளில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் எங்களுக்கு உள்ளூர்த் தொலைக்காட்சியில் பந்தை உருட்டிக் கட்டை விழுத்தும் பௌலிங் போட்டிதான். ஐந்து கட்டைகள், உள்ளங்கைக்குள் அடங்கும் பந்து, ஓரத்தில் மினுங்கும் பரிசுகள். கட்டை சரியும் சத்தம் கேட்டால் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வருவார். அந்த மரத்தரையின் மஞ்சள்தான் இன்றும் எனக்குச் சனிக்கிழமையின் நிறம்.

ஒருமுறை சித்தப்பாவுக்கே அதில் விளையாட இடம் கிடைத்தது. அவர் அப்போது எங்களோடு இருந்தார். சித்தி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். சித்தப்பா கனடா வந்தபின் பிறந்த மகள், தகப்பனை நேரில் கண்டதில்லை. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விதிகளை விளங்கப்படுத்தியதும் நானே. அதனால் வென்றால் கிடைக்கும் சைக்கிள் எனக்கு என்று பேச்சு.

அடுக்குமாடி நடைவழியில் வெறும் பால்மா டின்களை அடுக்கி, ரெனிஸ் பந்தால் பழகினார். ஒன்றும் தப்பாது. கீழ்வீட்டு அன்ரி மேலே வந்து, சாமி கும்பிடவும் விடுகிறீர்களில்லை என்று ஏசிவிட்டுப் போனார்.

போட்டி நேரடியாக ஒளிபரப்பானது. அம்மா வீடியோக் கசெற்றில் பதிந்தார். சித்தப்பா கலியாணக் கோட்டோடு வந்து நின்றார். பந்தை உருட்டியதும், அது போகும் திசையைக்கூடப் பார்க்காமல் கமரா பக்கம் திரும்பி, இரண்டு கன்னங்களையும் தவளைபோல ஊதிக் காட்டினார். அடுத்த பந்துக்கும் அதே சேட்டை. கட்டையைப் பார்க்கச் சொல்லி நான் தொலைக்காட்சியோடு கத்தினேன். கடைசிப் பந்தில் ஒரு கட்டை ஆடி ஆடி, விழாமலே நின்றுகொண்டது. சைக்கிள் போயிற்று.

பின்னேரம் அவர் வந்ததும் வாசலிலேயே பிடித்தேன்.

"கட்டையைப் பாக்காமல் கமராவைப் பாத்தா எப்பிடிச் சித்தப்பா விழும்?"

"கட்டை எங்கயடா ஓடப்போகுது?" என்றவர், அம்மாவிடம் திரும்பி, "அண்ணி, முகம் வடிவாத் தெரிஞ்சதோ?" என்று கேட்டார்.

அவரோடு நான் கன நாள் கதைக்கவில்லை. அவரோ அந்தக் கசெற்றை, கொழும்பு வீடியோ டெக்கில் ஓடும்படி வீடியோக் கடையில் மாற்றி, அங்கே போன ஒருவரிடம் சித்திக்கென்று கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் சித்தியும் மகளும் வந்திறங்கினார்கள். பிள்ளை புது முகத்தைக் கண்டு வீரிடும் என்று பயந்து, அம்மா சொக்லேற்றோடு தயாராக நின்றார். அவளோ தூரத்திலேயே சித்தப்பாவைக் கண்டு, தாயின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். அவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்து, இரண்டு கன்னங்களையும் ஊதினாள்.

சித்தப்பாவும் ஊதப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். சித்தியும் அழுதார், அம்மாவும் அழுதார்.

எனக்கு வரவேண்டிய ஒரு சைக்கிளை இல்லாமல் பண்ணிய சேட்டைக்கு இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.