சமையலறைக்குப் போன பாட்டில்கள்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாடத்துக்காக எங்களை அம்பத்தூர் பக்கம் ஓர் ஏரிக்கரைத் தெருவுக்கு அனுப்பினார்கள். ஏரியில் தொழிற்சாலைக் கழிவு இறங்குவது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வீடுகளின் போர்வெல் தண்ணீரைப் பிடித்து வந்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மாநகராட்சிக் குழாய் இணைப்பு கேட்டுத் தெருக்காரர்கள் எழுதும் மனுவோடு அந்த முடிவையும் சேர்ப்பார்கள். சூழல் நீதி பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியதற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. பாட்டிலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கூப்பிடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் மேடத்தின் கண்டிப்பு. நாங்களும் நல்ல பிள்ளைகளாக வாசலிலேயே நின்று, உங்கள் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டோம். பாட்டில்கள் உள்ளே போய் நிரம்பி வந்தன. வெயிலுக்கு எங்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கிடைத்தது.

கடைசி வீட்டு ஆன்ட்டி மட்டும் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அங்கே நெல் விளைந்த நாளிலிருந்தே இருக்கிற குடும்பம். இப்போது கணவர் பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறைக்குப் போகிறார். பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி வீட்டில் தண்ணீரைக் காரணம் காட்டி இழுத்தடிக்கிறார்களாம். ஆன்ட்டி விடுவதாக இல்லை. அறைக்குப் புது பெயின்ட் அடித்து, தொட்டில் கட்டக் கூரையில் கொக்கிகூடப் போட்டிருந்தார்.

ஆய்வக முடிவு வந்தது. எல்லாத் தண்ணீரும் சுத்தம். சுத்தம் மட்டுமல்ல, பரீட்சையில் காப்பியடித்த மாதிரி வீட்டுக்கு வீடு ஒரே விடை. எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்று மேடம் கேட்டார். எங்களில் ஒருவரும் குழாயைப் பார்க்கவே இல்லை.

திரும்பிப் போய் விசாரித்தால், அத்தனை பேரும் கடையில் வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. கடைசி வீட்டு ஆன்ட்டிக்கு நாங்கள் ஏன் கேட்கிறோம் என்றே விளங்கவில்லை.

"ஊடு தேடி வந்து தண்ணி கேக்குறீங்கோ. அந்த நாத்தம் புடிச்ச தண்ணியவா குடுக்கறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கணவர் சிரிக்கவில்லை. முதலில் வந்த முடிவே இருக்கட்டுமே, அதைக் காட்டினால் சம்பந்தி வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆன்ட்டி பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டு, பாட்டிலைத் தானே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த முறை குரோமியம் என்ற நச்சு உலோகம் இருந்தது. அதைச் சொல்வதற்கு மேடமும் எங்களோடு வந்தார். குழாய் இணைப்பு எப்போது வரும் என்றுதான் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அது மேடத்துக்கு எப்படித் தெரியும்? ஆன்ட்டி கேட்டது வேறு. குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளலாம், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட இந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றலாமா? காய்ச்சினாலும் இது போகாது என்றார் மேடம்.

எல்லாம் நான் படித்து எழுதிய பதில்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கழிவை விட்டவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அன்றுதான். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் மார்க்குக்காக வந்த கோபம்.

ஆன்ட்டி எங்கள் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மகள் என்னவோ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். இவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீ இங்க வராதம்மா. அங்கியே இரு. எங்கம்மாதான் வேணான்னுச்சின்னு உங்க மாமியாராண்ட சொல்லிடு."